பழைய பெயரில் சொத்து வரி, மூன்று அரையாண்டு நிலுவை: நான் கட்ட வேண்டுமா?

அசோக்நகர்_முதல்மாடி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

போன பிப்ரவரியில் (2025) சென்னை அசோக் நகரில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கினோம். 1997-ல் கட்டியது, முதல் மாடி, பத்திரத்தில் 860 சதுர அடி. எங்களுக்கு இதுதான் முதல் சொந்த வீடு. பத்திரம், வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டிப் பார்த்துவிட்டோம். சொத்து வரி ரசீதும் கேட்டேன், விற்றவர் ஒன்று கொடுத்தார். அதில் தேதி இருந்தது, சீல் இருந்தது, தொகை இருந்தது, நானும் ஃபைலில் வைத்துவிட்டேன். எந்த அரையாண்டுக்கான ரசீது என்று அன்றைக்குப் பார்க்கவில்லை. அது 2023-24 முதல் அரையாண்டு ரசீது. வீட்டைக் காட்டிய தரகர் "வரியெல்லாம் கிளியர், கவலையே வேண்டாம்" என்று சொன்னதை நம்பிவிட்டேன்.

இப்போது ஏப்ரல் வந்துவிட்டதே, வரி கட்டிவிடலாம் என்று மாநகராட்சி இணையதளத்தில் பில் எண்ணைப் போட்டுப் பார்த்தால், மூன்று அரையாண்டு நிலுவை நிற்கிறது. 2,417 + 2,417 + 2,562. அபராதத்தோடு சேர்த்து 7,905 காட்டுகிறது. இந்த அரையாண்டுக்கு 2,562 தனி. அதோடு பெயர் இருக்கும் இடத்தில் எங்களுக்கு விற்றவர் பெயர் இல்லை, அவருக்கு 2009-ல் விற்ற முதல் உரிமையாளர் பெயர் இருக்கிறது. அவர் இறந்து பல வருடம் ஆகிறது என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார்.

என் சந்தேகங்கள்: இந்த நிலுவையை நான் கட்ட வேண்டுமா, விற்றவர் கட்ட வேண்டுமா? இறந்துபோனவர் பெயரில் பில் இருக்கும்போது நான் பணம் கட்டினால் அது என் கணக்கில் சேருமா, வீணாகுமா? அப்புறம் இன்னொன்று, எதிர் ஃபிளாட் மாமாவுக்கும் அதே 860 சதுர அடி, அதே மாடி, அவருக்கு அரையாண்டு வரி 2,160. எனக்கு மட்டும் ஏன் 402 ரூபாய் அதிகம்? ஏப்ரல் 30-க்குள் கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள், அதனால் கொஞ்சம் அவசரம்.

குடிநீர் வாரியத்திலிருந்தும் ஒரு சீட்டு கதவிடுக்கில் செருகியிருந்தது. அதுவும் இதுவும் ஒன்றா?

கூடுவாஞ்சேரி_கணேசா

முதல் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். மாநகராட்சியைப் பொறுத்தவரை வரி அந்தக் கட்டடத்தின் மேல் இருக்கிறது, ஆள் மேல் இல்லை. யார் விற்றார்கள் யார் வாங்கினார்கள் என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள், இன்று வீடு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பார்கள். எங்கள் அண்ணன் இதே மாதிரி மாட்டிக்கொண்டு நான்கு அரையாண்டு கட்டினான். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், வரி பற்றி ஒரு வரி எழுதியிருப்பார்கள்.

ஓய்வு_வருவாய்ப்பிரிவு

அம்மா/சார், யாராக இருந்தாலும் வணக்கம். நான் சென்னைக்கு வெளியே ஒரு நகராட்சியில் வருவாய்ப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பில் கலெக்டராகத் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். உங்கள் நிலைமையில் தினமும் யாராவது ஒருவர் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பாதிப் பேர் கண்கலங்கி நிற்பார்கள். பயப்படாதீர்கள், இது தீரக்கூடிய விஷயம்தான்.

மேலே கணேசா சொன்னது சரி. சொத்து வரி அந்தச் சொத்தின் மேல் முதல் பாத்தியதை உள்ள கடன். அதனால் நிலுவை வீட்டோடு உங்களிடம் வந்துவிட்டது, மாநகராட்சி உங்களிடம்தான் வசூலிக்கும். ஆனால் உங்களுக்கும் விற்றவருக்கும் இடையே உள்ள கணக்கு வேறு. கிரையப் பத்திரத்தில் பெரும்பாலும் "இன்று தேதி வரை உள்ள வரி வகையறாக்களை விற்பவரே செலுத்திவிட்டார், பின்னால் ஏதேனும் பாக்கி தெரியவந்தால் விற்பவரே பொறுப்பு" என்கிற மாதிரி ஒரு வாசகம் இருக்கும். அதைக் காட்டி அவரிடம் கேளுங்கள். கேட்கும்போது கோபத்தோடு கேட்காமல், இணையதளத்தில் வரும் நிலுவை விவரத்தை அச்செடுத்து, எந்தெந்த அரையாண்டு, எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். பலர் மறந்துபோய்த்தான் விட்டிருப்பார்கள். ஆனால் அவர் தரும்வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் முதலில் கட்டிவிடுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாத ஒவ்வொரு மாதமும் 1 சதவீதம் ஏறிக்கொண்டே போகும்.

இறந்தவர் பெயரில் கட்டினால் வீணாகுமா என்றால், ஆகாது. சென்னை பில் எண்ணைக் கவனித்துப் பாருங்கள்: முதலில் மண்டலம், அப்புறம் வார்டு, அதன் பிறகு ஐந்து இலக்க பில் எண், கடைசியில் மூன்று இலக்கத் துணை எண். பணம் இந்த எண்ணுக்குத்தான் போய்ச் சேரும், பெயருக்கு இல்லை. ஒரே கட்டடத்தில் உள்ள பல ஃபிளாட்டுகளுக்குப் பில் எண் ஒன்றாகவும் துணை எண் மட்டும் வேறாகவும் இருப்பது உண்டு. அதனால் கட்டுவதற்கு முன் கதவு எண்ணும் மாடியும் உங்களுடையதுதானா என்று இரண்டு முறை பாருங்கள். அடுத்த ஃபிளாட்டின் வரியைக் கட்டிவிட்டு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திருப்பி எடுப்பது லேசான வேலை இல்லை.

இப்போது அந்த 402 ரூபாய். இதை நீங்கள் கேட்டதே நல்லது. பெரும்பாலானவர்கள் தொகையைப் பார்ப்பார்கள், கட்டுவார்கள், அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்க்க மாட்டார்கள். சென்னையில் கணக்கு இப்படிப் போகும். ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு அடிப்படை விகிதம் உண்டு, 1998 சீராய்வில் 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை வைத்தார்கள். அதைப் பரப்பளவால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. நிஜமாக நீங்கள் வாங்கும் வாடகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வரிக்காக வைத்துக்கொள்ளும் மதிப்பு இது. அந்த மாத மதிப்பை 12-ஆல் பெருக்க மாட்டார்கள், 10.92-ஆல் பெருக்குவார்கள். ஏன் அந்த விசித்திரமான எண் என்றால், 12 மாதத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 1.2-ஐ, நிலத்துக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள். மீதி 10.8 கட்டடத்துக்கு. கட்டடம் தேயும், பழுது பார்க்க வேண்டும், அதற்காக அந்த 10.8-ல் 10 சதவீதம் கழிந்தால் 9.72. நிலத்தின் 1.2-ஐத் திரும்பச் சேர்த்தால் 10.92. இதுதான் ஆண்டு வாடகை மதிப்பு. வீட்டுக்காரரே குடியிருந்தால் அதற்கும் ஒரு கழிவு உண்டு.

ஆண்டு மதிப்பு 5,000-க்கு மேல் போனால் அரையாண்டுக்குப் பொது வரி 9 சதவீதம், கல்வி வரி 2.5, பொது வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு நூலக வரி, ஆக 0.9. மொத்தம் 12.40 சதவீதம். நம் ஊர் நூலகங்களுக்குப் போகும் பணம் இந்தச் சீட்டிலிருந்துதான் போகிறது என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். கழிவெல்லாம் போக உங்கள் தெருவுக்குச் சதுர அடிக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எதிர் ஃபிளாட் 860 சதுர அடிக்கு: 860 × 10.92 = 9,391. அதில் 12.40 சதவீதம் 1,164.50. 2022 ஏப்ரலில் சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 75 சதவீதம் ஏற்றினார்கள், ஆக 2,038. 2024 அக்டோபரில் இன்னொரு 6 சதவீதம், ஆக 2,160. உங்கள் மாமாவின் பில் ரூபாய் சுத்தமாக வருகிறது.

இதே கணக்கைத் தலைகீழாக உங்கள் 2,562-க்குப் போட்டேன். பரப்பளவு 1,020 என்று வருகிறது. அதாவது உங்கள் ஃபிளாட்டுக்கு 860-க்குப் பதில் 1,020 சதுர அடி என்று மாநகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறது. 160 சதுர அடி கூடுதல். இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். பால்கனியை மூடி அறையாக்கியிருக்கலாம், கார் நிறுத்துமிடத்தைச் சேர்த்திருக்கலாம், பழைய ஆள் ஏதாவது கட்டியிருக்கலாம். இப்போது அது இருந்தால் வரி நியாயம். இல்லாவிட்டால் திருத்தக் கேட்கலாம்.

குடிநீர் வாரியச் சீட்டு தனி. சென்னையில் மட்டும் குடிநீர், கழிவுநீர் வரியைக் குடிநீர் வாரியம் தனியாக வசூலிக்கிறது, ஆனால் அதற்கும் இதே ஆண்டு மதிப்புதான் அடிப்படை. அதனால் இங்கே பரப்பளவு தப்பாக இருந்தால் அங்கேயும் தப்பாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இங்கே திருத்தியதும் அந்த உத்தரவின் நகலை அங்கேயும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மதுரை_வடக்குவெளி

ஐயா அருமையாக விளக்கியிருக்கிறார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த 10.92 கணக்கு சென்னைக்கு. மதுரை, திருச்சி, கோவை மாதிரி மற்ற ஊர்களில் தெருக்களை ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்துச் சதுர அடி மதிப்பு வைத்திருக்கிறார்கள். கட்டும் தளமும் வேறு, சென்னை தவிர மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் டிஎன் அர்பன் இ-பே என்று பொதுவான ஒன்று இருக்கிறது. 2022-ல் ஏற்றியதும் எங்களுக்கு வேறு அளவு: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையோடு 2011-ல் சேர்த்த பகுதிகளுக்கும் இதே அளவுதான் என்று மடிப்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் சொன்னார்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள் அக்கா. எங்கள் மாமனார் 2003-ல் இறந்தார். வீட்டு வரி அவர் பெயரிலேயே இருபது வருடம் போனது, யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, பணம் கட்டினால் ரசீது வருகிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டோம். வீட்டை வைத்துக் கடன் வாங்கப் போனபோதுதான் வங்கியில் நிறுத்தினார்கள். அப்புறம் இறப்புச் சான்று, தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று, இரண்டு நாத்தனார்களும் ஒரு கொழுந்தனாரும் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம் என்று ஏழு மாதம் அலைந்தோம். கொழுந்தனார் துபாயில் இருந்தார், அவருக்கு லீவு கிடைத்து வரும்வரை காத்திருந்தோம். எல்லோரும் ஒற்றுமையாக இருந்ததால் முடிந்தது.

மாமியார் மட்டும் ஒவ்வொரு ரசீதையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டிச் சுருட்டிப் போட்டு வைத்திருந்தார். 1981-லிருந்து இருந்தது. பிரித்து அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது, சிலது நூலாக வந்தது, ஆனால் அந்த ரசீதுகள் இல்லாவிட்டால் வரி விதிப்பு எண் எந்த வருடம் மாறியது என்று சொல்லவே முடிந்திருக்காது.

அசோக்நகர்_முதல்மாடி

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1,020 என்று நீங்கள் சொன்னதும் பழைய பில்லைத் தேடினேன், விற்றவர் கொடுத்த கட்டில் 2019 சீட்டு ஒன்று இருந்தது, பரப்பளவு என்று போட்ட இடத்தில் 1,020 என்றே இருக்கிறது!

எதிர் ஃபிளாட் மாமாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் சிமெண்ட் கோடு மட்டும் தெரிகிறது, ஒரு அறை இருந்த தடம். முதல் உரிமையாளர் அங்கே ஓர் அறை போட்டு மனைவிக்குத் தையல் மெஷின் வைத்துக் கொடுத்திருந்தாராம், 2015 மழைக்குப் பிறகு சுவர் ஊறிப்போய் எல்லோருமாகச் சேர்ந்து இடித்துவிட்டார்களாம். நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். பத்தடிக்குப் பதினாறடி. 160.

பத்து வருடமாக இல்லாத ஓர் அறைக்கு வரி போய்க்கொண்டிருக்கிறது. விற்றவரும் அதற்குக் கட்டியிருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை.

பத்திரத்தையும் பார்த்தேன், ஐயா சொன்ன வாசகம் நான்காவது பக்கத்தில் அப்படியே இருக்கிறது. விற்றவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். நிலுவை 7,905-ஐ நேற்றே கட்டிவிட்டேன். கட்டி முடித்ததும் நடப்பு அரையாண்டுக்கு 5 சதவீதம் கழிந்து 2,434 காட்டியது, அதையும் கட்டிவிட்டேன்.

இப்போது சந்தேகம்: பரப்பளவைத் திருத்த முதலில் மனுக் கொடுப்பதா, பெயர் மாற்றம் முதலிலா? 1,020-க்கான தொகையைக் கட்டிவிட்டதால் நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?

ஓய்வு_வருவாய்ப்பிரிவு

கட்டியதால் ஒப்புக்கொண்டதாக ஆகாது. கட்டாமல் வைத்துக்கொண்டு சண்டை போடுவதை விட, பாக்கி இல்லாத ரசீதை மேலே வைத்துக்கொண்டு மனுக் கொடுப்பது எப்போதும் பலம். எங்கள் ஆபீஸில் நிலுவையோடு வருகிற மனுவை முதலில் ஓரமாகத்தான் வைப்போம், அதுதான் உண்மை.

பெயர் மாற்றம் முதலில். உங்கள் பெயர் பதிவேட்டில் இல்லாதபோது நீங்கள் கொடுக்கும் திருத்த மனுவுக்கு மரியாதை குறைவு. சட்டப்படி கிரையம் ஆன மூன்று மாதத்துக்குள் விற்றவரும் வாங்கியவரும் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் வாங்கியது, இன்னும் காலம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு படி தாண்ட வேண்டியிருக்கும், 1997 ஆளிடமிருந்து 2009 ஆளுக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு. அதனால் உங்கள் பத்திர நகலோடு 2009 பத்திர நகலையும் வைத்து விடுங்கள், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீதோடு. 2009 பத்திரம் மூலப்பத்திரமாக உங்களிடமே இருக்கும்.

பரப்பளவு மனுவில் அதிகமாகக் கதை எழுதாதீர்கள். அறை எப்போது இடித்தது, பத்திரத்தில் எவ்வளவு, எதிர் ஃபிளாட் பில் நகல், மொட்டை மாடி போட்டோ நான்கு பக்கமும். "நேரில் வந்து அளந்து பார்த்து வரி விதிப்பைத் திருத்தித் தரவும்" என்று ஒரே ஒரு கோரிக்கை. கொடுத்த மனுவுக்கு எண் போட்ட ஒப்புகை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அளக்க வருகிற அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும், டேப்பின் மறுமுனையை நீங்களே பிடியுங்கள், சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து அளக்கிறாரா உள்பக்கத்திலிருந்தா என்று பாருங்கள். வெளி அளவுதான் கணக்கு. உள் அளவை எதிர்பார்த்துவிட்டு அப்புறம் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம்.

பழைய பத்து வருடத்துக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இனிமேல் சரியாக வந்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஏற்றிய வரியை 2019 நவம்பரில் நிறுத்தியபோது கூடுதலாகக் கட்டியவர்களுக்குக் கூட ரொக்கமாகத் தரவில்லை, அடுத்தடுத்த அரையாண்டில் கழித்துக்கொண்டார்கள்.

வாடகைக்கு_விட்டவன்

இந்த இழையைப் படிக்கிற, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர்களுக்கு ஒன்று. வாடகை வருமானத்தை வருமான வரியில் காட்டும்போது, அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய சொத்து வரியை முதலில் கழித்துவிட்டு, மீதியில்தான் 30 சதவீதப் பொதுக் கழிவு. "கட்டிய" என்பது முக்கியம், நிலுவையாக நிற்பதைக் கழிக்க முடியாது, ஆனால் பழைய நிலுவையை இந்த ஆண்டு கட்டினால் இந்த ஆண்டில் கழிக்கலாம். வீட்டுக்காரர் கட்டியிருக்க வேண்டும். நான் மூன்று வருடம் குடித்தனக்காரரையே கட்டச் சொல்லி வாடகையில் கழித்துக்கொண்டிருந்தேன், ரசீதும் அவர் கணக்கிலிருந்து போனதாக இருந்தது. ஆடிட்டர் அதை ஏற்க மறுத்துவிட்டார். இப்போது நானே கட்டுகிறேன்.

தெம்மாப்பட்டு_சிங்கப்பூர்

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இங்கேயும் சொத்து வரி ஆண்டு வாடகை மதிப்பை வைத்துத்தான், ஜனவரி 31-க்குள் வருடத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும், தானே குடியிருந்தால் விகிதம் குறைவு. அதனால் ஐயா சொன்ன கணக்கு எனக்குப் பழக்கமாகவே இருந்தது.

என் கேள்வி ஊரில் உள்ள வீடு பற்றி. ஊராட்சிப் பகுதி. அப்பா காலத்து ஓட்டு வீடு, வீட்டு வரி என்று வருடத்துக்கு ஒருமுறை சித்தப்பா கட்டிக்கொண்டு வருகிறார். சமீபத்தில் ஊருக்குப் போனபோது ரசீதில் சித்தப்பா பெயர் இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தவர் இல்லை, இருபது வருடமாக அவர்தான் கட்டுகிறார், ஊராட்சி ஆபீஸில் கட்டுகிறவர் பெயரையே போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. வீடு போய்விடுமா?

மதுரை_வடக்குவெளி

தம்பி, அம்மாவை முதலில் நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் இல்லை, கோர்ட்டுகள் பலமுறை சொன்ன விஷயம். வீட்டு வரி கட்டினால் வீடு சொந்தமாகிவிடாது. உங்கள் அப்பா பெயரில் பத்திரம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில், வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா, அதுதான் பேசும். ஆனால் இதை இப்படியே விடவும் கூடாது. நாளைக்குச் சித்தப்பா பிள்ளைகள் காலத்தில் அந்த ரசீதுகளே ஒரு பேச்சாகிவிடும். சித்தப்பா நல்லவராக இருக்கும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு ஊராட்சி ஆபீஸில் போய் எழுதிக் கொடுத்துப் பெயரைச் சரி செய்துவிடுங்கள். ஊராட்சி வரியும் இப்போது ஆன்லைனில் கட்டலாம், அடுத்த வருடத்திலிருந்து நீங்களே சிங்கப்பூரிலிருந்து கட்டலாமே. சித்தப்பா இத்தனை வருடம் கட்டிய பணத்தையும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும்.

தெம்மாப்பட்டு_சிங்கப்பூர்

சரி அக்கா. நன்றி. பணத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இன்றைக்கு ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போடுகிறேன்.

அசோக்நகர்_முதல்மாடி

ஜூன் மாதம், எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இதே பிரச்சினையோடு பலர் தனிச்செய்தி அனுப்பியிருந்தீர்கள்.

விற்றவர் பதில் போட மூன்று வாரம் ஆனது. அவர் பிள்ளை போனில் பேசினார், அப்பாவுக்குப் பைபாஸ் ஆபரேஷன் நடந்த வருடம் அது, வரியை யாரும் கவனிக்கவில்லை என்றார். கிரைய தேதி வரைக்கான பங்கு, அபராதம் உட்பட, கணக்குப் போட்டு அனுப்பினேன். மறுநாளே வந்துவிட்டது. கடைசி அரையாண்டில் பிப்ரவரி பாதியிலிருந்து எங்கள் பங்கை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பெயர் மாற்றம் முடிந்தது. இரண்டு பத்திர நகலையும் வைத்ததால் ஒரே மனுவில் ஆனது. பில்லில் என் பெயரையும் கணவர் பெயரையும் பார்த்தபோது, பத்திரம் கையில் வாங்கிய அன்று வராத ஒரு சந்தோஷம் வந்தது, நிஜமாகவே.

பரப்பளவு மனுவுக்குப் போன செவ்வாய்க்கிழமை அளக்க வந்தார்கள். ஐயா சொன்னபடி டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, பால்கனி, எல்லாம் வெளி அளவில் எடுத்ததில் 868 வந்தது. எட்டு சதுர அடி கூடுதல், அது பரவாயில்லை. பிறகு மாடிக்குப் போய் அந்தச் சிமெண்ட் கோட்டையும் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எதிர் ஃபிளாட் மாமா தானாகவே மேலே ஏறி வந்து, இங்கேதான் தையல் மெஷின் இருந்தது, இங்கே ஜன்னல், என்று கை நீட்டிக் காட்டினார். உத்தரவு இன்னும் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்து வாரம் ஒருமுறை இணையதளத்தில் பார்க்கிறேன். அக்டோபர் பில்லுக்கு முன் வந்துவிட வேண்டும், வந்ததும் அந்த நகலோடு குடிநீர் வாரிய ஆபீஸுக்குப் போக வேண்டும்.